சென்னியப்பன் காத்த கரடியோடை

“மழையைப் பெய்ய வெக்கறது ஆண்டவன் பொறுப்புங்க. பேஞ்ச தண்ணியைப் புடிச்சு நிறுத்தறது இந்தச் சென்னியப்பன் பொறுப்புங்க. என்ற கையில இந்த ஷட்டர் சாவி இருக்கற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வீணாக் கீழ போகாதுங்க. இதை மலை கேட்டாலும் சரி, மந்திரி கேட்டாலும் சரி.”

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதத்தில், கரடியோடை மண் அணையின் திறப்பு விழாவில், ஒலிபெருக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்று சென்னியப்பன் இவ்வாறு அறிவித்தார். மந்திரி கேட்கவில்லை, அவர் வரவே இல்லை. மலை கேட்டதா என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பாலக்காட்டிலிருந்து வந்திருந்த நான்கு அதிகாரிகளுக்கும் தமிழ் அரைகுறை என்பதால் அவர்கள் கை தட்டினார்கள். புரிந்திருந்தால் தட்டியிருக்க மாட்டார்கள். அந்த அணை கட்டப்பட்டதே தண்ணீரைக் கீழே விடுவதற்குத்தான்.

இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஊராருக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலமடைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பாறைமேட்டுப்புதூர் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றரை மைலில் பள்ளபாளையம். இரண்டையும் இணைப்பது கரடியோடை. வருஷத்தில் பத்து மாதம் அதில் ஓடுவது மாட்டுவண்டிதான். மீதி இரண்டு மாதத்தில் என்றைக்காவது ஒரு நாள் மலைமேல் மழை கொட்டும். ஆள் உயரத்துக்குச் செந்தண்ணீர் இறங்கி வந்து பள்ளபாளையத்தைக் கழுவிவிட்டுப் போகும். பாறைமேட்டுப்புதூருக்கு ஒன்றும் ஆகாது. அது பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊருக்கு வெள்ளமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

எழுபத்தொன்றில் வந்த வெள்ளம் பள்ளபாளையத்தில் பதினோரு வீடுகளையும் ஒரு கட்டுத்தறியை மாடுகளோடும் கொண்டுபோயிற்று. சர்க்கார் மனமிரங்கி, இரண்டு ஊருக்கும் நடுவே நானூறு அடி நீளத்தில், இருபத்திரண்டு அடி உயரத்தில் ஒரு மண் கரை போட்டுக் கொடுத்தது. தண்ணீர்ப் பக்கம் கல் பதித்திருந்தார்கள். மறுபக்கம் புல் நட்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு இரும்பு ஷட்டர். வலது ஓரத்தில், மிஞ்சிய தண்ணீர் வழிந்து போவதற்குக் கல்லால் கட்டிய கலுங்கு. சாவி என்று சென்னியப்பன் தூக்கிக் காட்டியது பூட்டுச் சாவி அல்ல. ஷட்டரை ஏற்றி இறக்குவதற்காக மாட்டிச் சுற்றும் முழங்கை நீள இரும்புக் கைப்பிடி.

அணைக்குப் பொறுப்பான ஓவர்சியர் ஏசுரத்தினம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அணையின் தத்துவத்தை அவர் ஊராரைக் கூட்டி வைத்து மூன்று தடவை விளக்கினார். மழைக்காலம் முழுக்க ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும். அணை காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் மலையிலிருந்து வெள்ளம் திடீரென்று வந்தால் அது வந்து நிற்க இடம் இருக்கும். வந்து நின்ற வெள்ளம் ஷட்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, பள்ளபாளையத்துக்கு வலிக்காமல் போகும். வைகாசிக் கடைசியில் திறந்தால் ஐப்பசி தாண்டித்தான் மூடலாம்.

“காலியாட்டுக் கிடக்கியதுதான் இதுக்க வேல, கேட்டியளா?” என்று முடித்தார்.

ஊரார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முகம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றி, முருங்கைக்கு ஊற்றும்போது அதிலேயே காலையும் கழுவிக்கொள்கிற ஊர் அது. காலியாகக் கிடப்பதற்கென்று சர்க்கார் இவ்வளவு பெரிய பாத்திரம் செய்து வைக்கும் என்பதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. ஓவர்சியர் நல்ல மனிதர், தண்ணீர் அதிகமாக உள்ள சீமையிலிருந்து வந்ததால் புத்தி இப்படிப் போகிறது என்று தீர்மானித்து, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

சாவி சென்னியப்பன் கைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது பெருங்காற்று அடித்த வருஷம் என்று அவருடைய அம்மா சொல்வாள். எந்தப் பெருங்காற்று என்று சொல்லவில்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்து, எழுத்தெல்லாம் ஒரே உருண்டையாக இருப்பதாகக் குற்றம் சாட்டி வெளியேறினார். நாலு ஏக்கர் மானாவாரி நிலம், நிலக்கடலையும் சோளமும். கிணறு அறுபது அடி. அதில் தண்ணீரைவிடப் புறா அதிகம். பேச்சு மட்டும் வற்றாது. கடலைச் செடியில் தேங்காய் அளவு காய் பிடித்த கதையும், வாளையார்ச் சாவடியில் ஒரு லாரியைப் பார்வையாலேயே நிறுத்திய கதையும் அவரிடம் உண்டு. கேட்பவர்கள் யாரும் நம்பியதில்லை, யாரும் பாதியில் எழுந்து போனதும் இல்லை.

பெருமை பேசாமல் அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்று. தாய் தகப்பன் போன பிறகு தங்கை மருதாத்தாளை வளர்த்து, பள்ளபாளையத்து ரத்தினசாமிக்குக் கட்டிக் கொடுத்தார். ஓடைக் கரையில் மண் சுவர் வீடு. எழுபத்தொன்றில் போன பதினோரு வீடுகளில் அதுவும் ஒன்று. ரத்தினசாமிக்கு வேறு காணி கிடையாது. இருந்த இடத்திலேயே மறுபடியும் சுவர் எழுப்பினார். அதைப் பார்த்துவிட்டு வந்த சென்னியப்பன், வெள்ளத்தைத் தடுக்க அணை வேண்டும் என்று அபேட்சை எழுத வைத்து, வில்லேஜாபீசுக்கும் பாலக்காட்டுக்கும் இரண்டு வருஷம் செருப்புத் தேய நடந்தார். வேறு யாரும் அவ்வளவு நடக்கவில்லை என்பதால், அணை வந்ததும் காவல் வேலையும் சாவியும் அவருக்கே வந்தன.

ஆக, தங்கை வீட்டைக் காப்பாற்றத்தான் அவர் அந்த அணையைக் கேட்டு வாங்கினார். இது அவருக்கு ஆறு மாதம் நன்றாக நினைவிருந்தது.

எழுபத்து நாலு ஆனியில் முதல் தண்ணீர் வந்தது. ஷட்டர் திறந்திருந்தது. ஓவர்சியர் சொன்னபடியே தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிற்று. ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் பாறைமேட்டுப்புதூர் முழுவதும் கரைமேல் வந்து நின்று, எடுத்துப் போகிற பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. கூட்டத்தில் நஞ்சப்பன் இருந்தார். அவர் சென்னியப்பனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், ஊரில் முதலில் ஆயில் எஞ்சின் வாங்கியவர். ஆறு நாளாக அந்த எஞ்சின் வாயில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

“ஏனுங்ணா,” என்று மெல்லக் கேட்டார் நஞ்சப்பன். “அன்னிக்கு மைக்கில பேசினது நீங்கதானுங்களா? இல்ல, அந்தக் கொழாய்க்குள்ள வேற யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?”

அன்று சாயங்காலம் ஷட்டர் பாதி இறங்கியது. மறுநாள் மீதியும் இறங்கியது.

புரட்டாசியில் சென்னியப்பன் கிணற்றில் பதினைந்து அடி தண்ணீர் நின்றது. புறாக்கள் வேறு ஊர் பார்த்துப் போயின. நஞ்சப்பனின் எஞ்சின் கோயில் கொட்டுக்கு ஈடாகச் சத்தம் போட்டது. எழுபத்தைந்தில், பிறந்தது முதல் கடலை பிடுங்கியே பழகிய சென்னியப்பன் நெல் அறுத்தார். நெல்வயல் பார்க்க மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவருடைய மனைவி காளியாத்தாள், வந்தவர்களிடம் சோளச்சோறு என்றால் என்னவென்றே மறந்துவிட்டதாகச் சொன்னாள். அறுவடை முடிந்த மூன்றாம் நாள் அது.

ஏசுரத்தினம் மாதம் இருமுறை பஸ்ஸில் வந்து இறங்குவார். பஸ் நிறுத்தத்திலிருந்து கரைக்கு இரண்டு மைல் நடை; செய்தி அவரைவிட வேகமாக நடந்துவிடும். அவர் வந்து சேரும்போது ஷட்டர் முழுவதும் தூக்கியிருக்கும், தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு போகும், சென்னியப்பன் பக்கத்தில் கை கட்டி நிற்பார். அணை ஏன் இப்படி நிறைந்து கிடக்கிறது என்று ஓவர்சியர் கேட்பார். நேற்று மலையில் மழை என்று பதில் வரும். இரண்டு வருஷத்தில் ஏசுரத்தினம் வந்த நாட்கள் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் தவறாமல் மலையில் மழை பெய்திருந்தது. இப்படிப்பட்ட வானிலை உலகத்தில் வேறெங்கும் பதிவானதில்லை. ஓவர்சியருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கும் மோர் பிடிக்கும். கடைசி பஸ் நாலரைக்கு.

அந்த நெல்லில் ஒரு மூட்டை பள்ளபாளையத்துக்குப் போயிற்று. மருதாத்தாள் மறுவாரமே அண்ணனைப் பார்க்க வந்தாள். நெல் நன்றாக இருந்ததாகச் சொன்னாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

“ஷட்டரு தொறந்துதானே கெடக்குதுங்ணா?”

“தொறந்துதான் கெடக்குது அம்முணி. நீ தகிரியமாப் போ.”

கடலைச் செடியில் தேங்காய் பிடித்த கதையைச் சொல்லும்போதுகூட சென்னியப்பன் கேட்பவர் கண்ணைப் பார்த்துத்தான் சொல்வார். அன்று அவர் வாசலில் கட்டியிருந்த எருமையைப் பார்த்தார்.

எழுபத்தாறாம் வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அணை கழுத்துவரை நிரம்பி, கலுங்கில் மெல்லிசாக ஒரு விரற்கடைத் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. பாறைமேட்டுப்புதூர் சரித்திரத்தில் தண்ணீர் வழிந்தது அதுவே முதல் தடவை. வழிகிற தண்ணீருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த ஊர் சும்மா இருக்கும்? கொட்டுக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் ஒன்பது நாள் வளர்த்த முளைப்பாலிகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கிடாயும் வந்தது, அது மட்டும் திரும்பிப் போகவில்லை. சென்னியப்பனுக்குத் தலைக்கட்டுக் கட்டி, மாலை போட்டு, கலுங்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காலியாகக் கிடக்க வேண்டிய அணை நிறைந்து வழிந்தால், அது தன் வேலையில் முழுசாகத் தோற்றுப்போய்விட்டது என்று பொருள். அந்தத் தோல்வியை இவ்வளவு சீரும் சிறப்புமாகக் கொண்டாடிய ஊர் வேறு இருக்க முடியாது.

ஊருக்கு மேலே வெயில். மலைக்கு மேலே பத்து மணிக்கே கறுப்பு. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மதியம் கலுங்குத் தண்ணீர் விரற்கடையிலிருந்து ஒரு சாண் ஆயிற்று. ஜனங்கள் குலவை போட்டார்கள். ஒரு சாண் ஒரு முழமானபோது கொட்டு இன்னும் உரத்தது. பெண்கள் முளைப்பாலிகையையும் பூவையும் மஞ்சள் கயிற்றையும் தேங்காய் மூடிகளையும் தண்ணீரில் விட்டார்கள். அது எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு ஓடியது. இடுப்பளவானபோதுதான் கொட்டுக்காரர்களில் ஒருவர் முதலில் நிறுத்தினார். தண்ணீர் செந்நிறமாக இருந்தது.

சென்னியப்பன் தலைக்கட்டோடு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். கைப்பிடியை நாற்பத்தாறு சுற்று சுற்ற வேண்டும். சுற்றினார். ஷட்டரின் வாய் ஒரு கன்றுக்குட்டி நுழையும் அளவுதான். மலையிலிருந்து யானைகள் வந்துகொண்டிருந்தன. மேலே வந்தது அப்படியே, ஒரு அடி குறையாமல், கலுங்கு வழியாகக் கீழே போயிற்று. அங்கே அணை என்று ஒன்று கட்டவே இல்லை என்பதுபோலப் போயிற்று.

பள்ளபாளையத்தில் ஏழு வீடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. மேலே கேட்ட கொட்டுச் சத்தம் திடீரென்று நின்றதும் என்னவோ சரியில்லை என்று பள்ளபாளையத்தார் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வாயனசாலை என்கிற படிப்பகத்தின் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். மருதாத்தாளின் எருமை மட்டும் கயிற்றோடு போய்விட்டது. வீட்டில் மேற்குச் சுவர் இல்லை.

சென்னியப்பன் மறுநாள் காலையில் போனார். மருதாத்தாள் முழங்கால் சேற்றில் நின்று ஆட்டுக்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அழவில்லை. ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் அடைந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மிச்சமிருந்த சுவர்மேல் வைத்தாள்: இரண்டு தேங்காய் மூடி, ஒரு மஞ்சள் கயிறு, சேறு அப்பிய முளைப்பாலிகை ஒரு கொத்து, பாதி அறுந்த சாமந்திச் சரம்.

“ஆடிச் சீரு வந்து சேந்துதுங்ணா,” என்றாள். “வருசா வருசம் ஆள்கிட்டக் குடுத்தனுப்புவீங்க. இந்த வருசம் ஊரே ஒட்டுக்காச் சேந்து அனுப்பியிருக்கறீங்க.”

சென்னியப்பன் ஆட்டுக்கல்லைப் பிடிக்கக் குனிந்தார்.

“ஒரு சொட்டும் வீணாப் போகாதுன்னு சொன்னீங்களாமா. போகலீங்ணா. அத்தனையும் எங்கூட்டுக்குத்தான் வந்துது.”

ரத்தினசாமி, “வாங்க மச்சான், உக்காருங்க,” என்றார். பிறகு உட்கார இடம் எங்கே என்று தேடினார். சென்னியப்பன் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். கரைக்கு வந்த பிறகுதான் தலைக்கட்டு இன்னும் தலையில் இருப்பது தெரிந்தது.

விசாரணை நடந்தது. மூன்று பேர் ஜீப்பில் வந்து, இளநீர் குடித்து, எதிர்பாராத பெருமழை என்று முடிவு செய்தார்கள். அணை சேதமின்றி நிற்பது பாராட்டத்தக்கது என்றும் எழுதினார்கள். அணை நின்றது உண்மைதான், போனது வீடுகள். ஏசுரத்தினம் எல்லாரும் ஜீப்பில் ஏறும்வரை காத்திருந்து, சென்னியப்பன் பக்கத்தில் வந்து, “முந்தின நாளும் மலையில மழைதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரார் ஆறுதல் சொன்னார்கள். நஞ்சப்பன், இது ஆண்டவன் செயல், இதற்கு ஷட்டர்காரன் என்ன செய்வான் என்றார். மன்னிக்க எல்லாரும் தயாராக இருந்தார்கள், பள்ளபாளையத்தைத் தவிர. தைப்பொங்கலுக்கு அனுப்பிய சீர், சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கொண்டுபோன ஆளிடம் மருதாத்தாள் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் வந்தவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருந்தாள்.

அந்தக் கோடையில் சென்னியப்பன் ஒரு ஆராய்ச்சியில் இறங்கினார். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அது பெரிய ஆராய்ச்சிதான். கோடை மழையில் அணையில் பத்து அடி தண்ணீர் நின்றது. கரைமேல் உட்கார்ந்து ஷட்டரை ஒரு பகல் முழுக்கத் திறந்து வைத்தார், எவ்வளவு இறங்குகிறது என்று கல்லில் கரிக்கோடு போட்டுப் பார்த்தார், மறுபடி மூடினார். அணை முழுசாகக் காலியாக நாலு நாள் ஆகும் என்று தெரிந்தது. மலை அதை நிரப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

எழுபத்தேழு வைகாசிக் கடைசியில், மேகம் ஒன்றுகூட இல்லாத ஒரு காலைப் பொழுதில் அவர் ஷட்டரை முழுக்கத் தூக்கினார். அவருடைய நாற்றங்காலில் நாற்று ஒரு சாண் வளர்ந்திருந்தது. செய்தி எட்டிய நஞ்சப்பன் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். மேகம் கறுக்கட்டும், அப்புறம் திறக்கலாம் என்று நியாயமாகத்தான் சொன்னார். மேகம் கறுத்து இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் வரும், காலியாக நாலு நாள் ஆகும் என்று சென்னியப்பன் பதில் சொன்னார். இப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதில் பொய்யே இல்லை. நஞ்சப்பனுக்கு உண்மையிலேயே பயம் வந்து, காளியாத்தாளிடம் போய், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நாலு நாள் பள்ளபாளையத்து ஓடையில், சுட்டெரிக்கும் வெயிலில், கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர் போயிற்று. மருதாத்தாள் அதில் பாத்திரம் கழுவினாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, மேலே இருந்து என்றாள்.

அதற்குப் பிறகு மலையில் இருபத்து மூன்று நாள் மழை இல்லை. மலைக்குக் கொஞ்சம்கூட நாகரிகம் இல்லை. ஒரு வெள்ளம் வந்து அணையில் நின்று மெல்ல இறங்கியிருந்தால் சென்னியப்பனை ஊர் தலைமேல் தூக்கி வைத்திருக்கும். நாற்று மஞ்சளாயிற்று. கிணற்றில் நீர் இறங்க இறங்க, புறாக்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயின. இந்த நாட்களில் ஒருமுறை ஏசுரத்தினம் வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த அணையின் அடித்தரையைப் பார்த்து, கரைமேல் வெகுநேரம் நின்றார். “நேத்து மலையில மழை இல்லியா?” என்று தன்னையறியாமல் கேட்டார். இல்லை என்றார் சென்னியப்பன். அன்று அவருக்கு ஊரில் யாரும் மோர் கொடுக்கவில்லை.

காளியாத்தாள் முதல் பத்து நாள் பொறுத்தாள். பிறகு தினமும் சோளத்தை உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் சோளத்தை அவ்வளவு சத்தமாக இடிக்க முடியும் என்பது சென்னியப்பனுக்குத் தெரியாது.

ஆனிக் கடைசியில் ஓடையில் நல்ல தண்ணீர் வந்தது. வெள்ளமில்லை, வாய்க்கால் கனத்துக்கு விடாமல் ஓடியது. சென்னியப்பன் அன்று எருமைக்கன்று ஒன்று பிடிக்க ஆனைமலைச் சந்தைக்குப் போயிருந்தார். கன்று தனக்கில்லை. அதைப் பள்ளபாளையத்துக்கு ஓட்டிப்போய், யாரும் பார்க்காதபோது ரத்தினசாமி வீட்டு முளைக்குச்சியில் கட்டிவிட்டு வருவதாகத் திட்டம். சந்தையில் கன்று அமையவில்லை. இரண்டு நாள் அங்கே இங்கே அலைந்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்கு வந்தார். கரை வழியாக வந்தவர் நின்றார்.

அணையில் எட்டு அடித் தண்ணீர் நின்றது. ஷட்டர் இறங்கியிருந்தது.

கரைமேல் ஊர் பாதி இருந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நஞ்சப்பனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வீட்டுக்குப் போனார். சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை.

“நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன்,” என்றாள் காளியாத்தாள். “நாத்துல பாதி இன்னும் உசுரோட கெடக்குது. இன்னிக்குத் தண்ணி கட்டினா ஆறு மாசம் சோறு. அதுக்கப்பறம் நீங்க தொறந்து உடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சென்னியப்பன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் கரைக்கு நடந்தார். சாவி, வழியில் நஞ்சப்பனின் எஞ்சின் மேல் துணி சுற்றி வைத்திருந்தது. எடுத்துக்கொண்டார். நஞ்சப்பன் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்தார். மலைமேல் மேகம் இருந்தது. கறுப்பென்றும் சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. மழை வரலாம், இன்னொரு இருபத்து மூன்று நாள் வராமலும் போகலாம். போன தடவை திறந்தது ஏதோ கோளாறில் நடந்தது என்று ஊர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டது. இரண்டாவது தடவைக்கு என்ன பெயர் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். ஷட்டரின் அடியில் தண்ணீர் சீறத் தொடங்கியது.

“ஏனுங்ணா,” என்றார் நஞ்சப்பன். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. “ஒரு சொட்டு வீணாப் போகாதுன்னு மைக்கில சொன்னதை ஊரே கேட்டுதுங்க.”

“ஆமாப்பா. நாந்தான் சொன்னேன்,” என்றார் சென்னியப்பன், சுற்றுவதை நிறுத்தாமல்.

நாற்பத்தாறு சுற்றும் முடிந்தன. ஷட்டர் உச்சியில் போய் முட்டி நின்றது. கீழே புல் சரிவுக்கு அப்பால், காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு தண்ணீர் பள்ளபாளையத்துப் பக்கம் போக ஆரம்பித்தது.

“இது எப்பத்தான் நிக்குமுங்க?” என்று கேட்டார் நஞ்சப்பன்.

“நாலு நாளாகும்,” என்றார் சென்னியப்பன். சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கரைக்கல்மேல் உட்கார்ந்தார்.